மடக்காத கட்டில்

சென்ற மார்கழியில் ஓசூரில் தம்பி வீட்டில் பத்து நாள் தங்கினேன். ஓசூர் மார்கழி எப்படிப்பட்டது என்பதைச் சென்னைவாசிகளுக்குச் சொல்லி விளங்க வைக்க முடியாது. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கிற ஊர். விடியற்காலையில் வாசலில் கோலம் போட வருகிற பெண்கள் காதைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு வருகிறார்கள். இப்போது கட்டுகிற வீடுகளில் தரைக்கு வழவழவென்று டைல்ஸ் பதிக்கிறார்களே, அது பகலில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இரவில் காலை வைத்தால் பனிக்கட்டி.

அந்தப் பனிக்கட்டியின் மேல்தான் எங்கள் அத்தை படுத்துக்கொண்டிருந்தாள். அத்தைக்கு வயது 86. என் தகப்பனாரின் கடைசித் தங்கை. ஒரு பாய், அதன் மேல் ஒரு ஜமுக்காளம், சிறியதாக ஒரு தலையணை. இதுதான் அவள் படுக்கை. காலை ஐந்து மணிக்கு எழுந்து மூன்றையும் சுருட்டிப் பீரோவின் மேல் வைத்துவிடுவாள். பிறகு அந்தக் கூடத்தில் ஒருத்தி படுத்திருந்தாள் என்பதற்கு அடையாளமே இராது.

நான் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அத்தையால் தரையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துப் பார்த்தாள். நாற்காலிக் காலைப் பிடித்துப் பார்த்தாள். கடைசியில் நானும் தம்பியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இனிமேல் தரையில் படுக்கவே கூடாது" என்று சொல்லிவிட்டார்.

உடனே குடும்ப மகாநாடு கூடியது. வீட்டில் அறைகள் இரண்டு. ஒன்று தம்பிக்கும் அவன் மனைவிக்கும். மற்றொன்று அவர்கள் மகனுக்கும் மருமகளுக்கும் கைக்குழந்தைக்கும். மிச்சம் இருப்பது கூடம். கூடத்தில் கட்டிலைப் போட்டால் வருகிறவர்கள் எங்கே உட்காருவது? தம்பி மகன் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினீயர். அவன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். பகலில் பார்த்தால் சுவரோடு நிற்கிற அலமாரி. இரவில் கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் மெத்தையோடு கட்டில் இறங்கி வருகிறது. காலையில் தள்ளினால் மறுபடி அலமாரி.

"பெரியப்பா, இதுதான் நமக்குச் சரி. இடமும் மிச்சம், பாட்டிக்கும் சௌகரியம்" என்றான்.

எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. எனக்குத்தான் முதலில் பிடித்தது என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்தப் பத்து நாளும் நான் படுத்தது பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய ஒரு மடக்குக் கட்டிலில். இரும்புக் குழாய்ச் சட்டம், நைலான் நாடா, நடுவில் கீல். புரண்டு படுத்தால் ஊரையே எழுப்பும். ஒரு முறை விரிக்கும்போது என் கட்டை விரலைக் கீலுக்குக் கப்பம் கட்டினேன். அதோடு ஒப்பிட்டால் சுவர்க் கட்டில் இந்திர போகம்.

அத்தை மட்டும் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "எனக்குப் பாயே போதும். சுவத்துக்குள்ளே போற கட்டில் வேண்டாம்" என்றாள்.

பயப்படுகிறாள் என்று நினைத்தோம். படுத்திருக்கும்போதே கட்டில் மேலே எழும்பிச் சுவரோடு சேர்த்து மூடிவிட்டால் என்ன செய்வது என்கிற பயம் யாருக்கும் வரக் கூடியதுதானே? அவள் மனத்தை மாற்றும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். கதை எழுதுகிறவன் என்றால் வீட்டில் இப்படிப்பட்ட வேலைக்காவது பயன்பட வேண்டும் அல்லவா? மடக்குக் கட்டில் நேற்று முளைத்த விஷயம் அல்ல, ராஜாக்களும் துரைமார்களும் படுத்த கௌரவமான வஸ்து என்று சரித்திர ஆதாரத்தோடு நிரூபித்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

முதலில் எகிப்துக்குப் போனேன். 1922-இல் ஹோவர்டு கார்ட்டர் என்பவர் துட்டன்காமன் என்ற இளவயது மன்னனின் கல்லறையைக் கண்டுபிடித்தார். அதில் இருந்த சாமான்களில் மூன்றாக மடிக்கிற ஒரு மரக்கட்டில் இருந்தது. வெண்கலக் கீல்கள் போட்டது. ஏறக்குறைய 3,300 ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு தச்சன் யோசித்துச் செய்தது. மடித்தால் வெளிப்பக்கம் வரும் கால்கள், விரித்தால் நடுப்பகுதி தொய்யாமல் தாங்குவதற்குத் தனியாகக் கால்கள் என்று எல்லாம் கணக்காக அமைத்திருக்கிறான்.

அத்தை கேட்டாள்: "அந்த ராஜாவுக்கு அது ஒண்ணுதான் கட்டிலா?"

இல்லை என்று ஒப்புக்கொண்டேன். கல்லறையில் வேறு பல கட்டில்களும் இருந்தன. தங்கத் தகடு வேய்ந்தவை, மிருக முகம் வைத்தவை.

"அப்போ இது வெளியூர் போறப்போ எடுத்துட்டுப் போறது. வீட்டிலே படுக்கிறது வேறே" என்றாள்.

எனக்குச் சிறிது தூக்கிவாரிப் போட்டது. அடுத்ததாக இப்னு பதூதாவைக் கூப்பிட்டேன். மொராக்கோவிலிருந்து புறப்பட்டு 1333-இல் சிந்து நதிக்கரைக்கு வந்து, பிறகு மதுரை வரைக்கும் வந்து பார்த்த யாத்திரிகர். இந்தியாவின் கட்டில்கள் மிக லேசானவை என்று அவர் எழுதியிருக்கிறார். நான்கு கால், நான்கு சட்டம், நடுவில் பட்டு அல்லது பருத்தி நாடாப் பின்னல். ஒரே ஆள் தூக்கிக்கொண்டு நடக்கலாம். பிரயாணம் செய்கிறவன் ஒவ்வொருவனும் தன் கட்டிலை ஓர் அடிமையின் தலையில் ஏற்றிக்கொண்டு போவான் என்கிறார்.

"தூக்கிட்டுப் போறவன் எதிலே படுப்பான்?" என்றாள் அத்தை.

இதற்கு இப்னு பதூதாவிடமும் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

சரி, உள்ளூர் ஆசாமியையே கொண்டு வருவோம் என்று தாமஸ் மன்றோவிடம் வந்தேன். சென்னைத் தீவுத் திடல் அருகே குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். பின்னால் கவர்னர் ஆகி, 1827-இல் பத்திகொண்டாவில் காலராவில் மாண்டு போனவர். 1780 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கியபோது அவர் கம்பெனிப் பட்டாளத்தில் வெறும் பயிற்சிச் சிப்பாய் அதிகாரி. வயது 18. ஒன்பது ஆண்டு கழித்து, 1789-இல், தம் சகோதரிக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியாவில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் பல்லக்கில் போகிறார்கள், பணத்தில் புரளுகிறார்கள் என்று சீமையில் இருக்கிறவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள் அல்லவா? அதற்குப் பதில். இந்தியாவுக்கு வந்த பிறகுதான் பசி, தாகம், களைப்பு, வறுமை என்றால் என்ன என்று தெரிந்துகொண்டேன் என்கிறார். மூன்று வருஷம் வரையில் ஒரு புத்தகம் அல்லது தோட்டாப் பைதான் தலையணை. கட்டில் என்பது குறுக்கும் நெடுக்குமாக நாட்டிய நான்கு குச்சிகளின் மேல் இழுத்துக் கட்டிய ஒரு கித்தான் துண்டு. குளிர் நாளில் சீமையிலிருந்து கொண்டு வந்த பெரிய கோட்டின் கைகளுக்குள் கால்களை நுழைத்துக்கொண்டு, அதன் அடிப்பகுதியைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொள்வாராம்.

இந்த மனிதருக்கும் நம் சீமைக்கும் சம்பந்தம் உண்டு. 1791 நவம்பரில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைப் பிடிக்க வந்த கம்பெனிப் படை பிடிக்க முடியாமல் திரும்பியது. ஆனால் அடுத்த வருஷமே, 1792-இல், ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி பாராமகால் முழுவதையும் திப்பு சுல்தான் விட்டுக்கொடுக்கும்படி ஆயிற்று. கிருஷ்ணகிரியும் தருமபுரியும் சேர்ந்ததுதான் பாராமகால். ஓசூர் இன்னும் ஏழு வருஷம், திப்பு மாண்ட 1799 வரையில், மைசூரோடு இருந்தது. பாராமகாலைக் கணக்கெடுத்து வரி போட அலெக்ஸாண்டர் ரீட் என்ற அதிகாரியை நியமித்தார்கள். அவருக்குக் கீழ் வந்த உதவியாளர்களில் ஒருவர் மன்றோ. ஏழு வருஷம் இந்தப் பிரதேசத்தில் ஊர் ஊராகச் சுற்றி நிலத்தை அளந்தார். குடியானவனிடம் நேராக வரி வாங்குகிற ரயத்துவாரி முறை உருவானது இப்படித்தான். கூடாரம், மடக்கு மேஜை, மடக்கு நாற்காலி, மடக்குக் கட்டில் என்று பின்னால் நூற்றைம்பது வருஷம் நம் கலெக்டர்கள் முகாம் போனார்களே, அந்த ஊர்வலத்தின் தலைப்பக்கத்தில் நிற்கிறவர்களில் ஒருவர் இந்த நான்கு குச்சிக் கட்டில்காரர்.

இந்தக் கதையை அத்தை ரசித்தாள். கோட்டின் கைக்குள் காலை விட்டுக்கொண்ட இடத்தில் சிரித்துவிட்டாள். பிறகு, "பாவம், பெத்தவ பக்கத்திலே இல்லாத பிள்ளை" என்றாள். சற்றுப் பொறுத்து, "அவனும் ஊருக்குத் திரும்பிப் போறவன்தானே" என்று சேர்த்துக்கொண்டாள்.

அமெரிக்காவை அவசரமாகச் சொல்லி முடித்தேன். சிகாகோவில் மரச்சாமான் கடை வைத்திருந்த சாரா குட் என்ற கறுப்பினப் பெண்மணி 1885-இல் மேஜையாக மாறுகிற மடக்குக் கட்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். அந்த நாட்டில் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினப் பெண்களில் அவர் ஒருவர். ஒண்டுக் குடித்தன அறைகளில் இருக்கிறவர்களை மனத்தில் வைத்துச் செய்தது. பிறகு ஸான்பிரான்ஸிஸ்கோவில் மர்பி என்பவர் சுவருக்குள் போகிற கட்டிலைச் செய்து விற்றார். அது எவ்வளவு பரவிற்று என்றால், 1989-இல் ஒரு நீதிமன்றம் மர்பி கட்டில் என்பது இனி ஒரு கம்பெனியின் பெயர் அல்ல, பொதுச்சொல் ஆகிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லும்படி ஆயிற்று. 1916-இல் சார்லி சாப்ளின் ஒரு படத்தில் குடித்துவிட்டு வந்து இந்தச் சுவர்க் கட்டிலோடு மல்யுத்தம் செய்து தோற்று, குளியல் தொட்டியில் போய்ப் படுத்துக்கொள்வார். தம்பி மகன் அதையும் கைபேசியில் போட்டுக் காட்டினான். இது என் வாதத்துக்கு உதவவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசி அஸ்திரமாக நம் தமிழையே எடுத்தேன். ஓசூர்க் கடைத் தெருவில் தெலுங்கர் மஞ்சம் என்கிறார், கன்னடக்காரர் மஞ்ச என்கிறார், நாம் கட்டில் என்கிறோம். இங்கிலீஷ்காரன் 'காட்' என்று சொல்வது ஹிந்தியிலிருந்து எடுத்தது. அதற்கு மூலமான சம்ஸ்கிருதச் சொல்லே நம் கட்டிலிலிருந்து போயிருக்கலாம் என்று மொழி ஆராய்ச்சிக்காரர்கள் பலர் கருதுகிறார்கள். கயிற்றால் கட்டியதால் கட்டில். அதோடு, சிம்மாசனத்துக்கும் நம் முன்னோர் கட்டில் என்றுதான் பெயர் வைத்தார்கள். அரசுகட்டில் ஏறினான் என்கிறோம். போர் முரசத்தை வைக்கிற பீடத்துக்கும் முரசுகட்டில் என்றே பெயர்.

அந்த முரசுகட்டிலில் ஒரு கதை இருக்கிறது. புறநானூற்றில் உள்ளது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரிந்தது. மோசிகீரனார் என்ற புலவர் களைத்துப் போய்ச் சேர மன்னன் அரண்மனைக்கு வருகிறார். முரசத்தை நீராட்ட எடுத்துப் போயிருக்கிறார்கள். பூக்கள் பரப்பிய கட்டில் மட்டும் இருக்கிறது. அது இன்னது என்று தெரியாமல் புலவர் அதில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். அதில் ஏறியவனை வாளால் இரண்டாக வெட்டலாம் என்பது முறை. திரும்பி வந்த அரசன் வெட்டவில்லை. விசிறியை எடுத்துத் தன் கையால் வீசிக்கொண்டு நின்றான். அந்த அரசன் பெயர் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை. தகடூர் என்பது தருமபுரி. நம் அதியமான்களின் ஊரை வென்று பெயர் எடுத்தவன் இந்த விஷயத்தில் இப்படி நடந்துகொண்டான் என்று கொஞ்சம் உணர்ச்சியோடு சொல்லி முடித்தேன்.

அத்தை வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"அவர் தெரியாமல் படுத்தார். நான் தெரிஞ்சே படுத்தேன்டா" என்றாள்.

வாசகர்களில் இளைஞர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் நம் வீடுகளில் எல்லோருக்கும் கட்டில் கிடையாது. ஊரே பாயில்தான் படுத்தது. வீட்டில் கட்டில் இருந்தால் அது குடும்பத் தலைவருக்கு. புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்குச் சில நாள். பிள்ளை பெற்றவளுக்குச் சில நாள். தீராத நோயாளிக்கு. கணவனை இழந்த பெண்ணுக்குக் கட்டிலும் மெத்தையும் கூடாது என்பது பல குடும்பங்களில் எழுதாத சட்டம். விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று 1856-இலேயே சர்க்கார் சட்டம் செய்தது. கட்டிலைப் பற்றி எந்தச் சட்டமும் பேசவில்லை.

அத்தை 19 வயதில் கணவனை இழந்தாள். 1957-இல். பிறந்த வீட்டுக்கு, கிருஷ்ணகிரிக்கு, திரும்பி வந்தாள். மலைக்கோட்டைக்குக் கீழே பழைய ஊரில் எங்கள் வீடு. நடு அறையில் ஒரு தேக்குக் கட்டில் உண்டு. அதில் என் தகப்பனார் படுப்பார். 1962-ஆம் வருஷம் கோடையில் ஒரு பகல். வீட்டில் பெரியவர்கள் எல்லாம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். அத்தைக்குக் காய்ச்சல்; போகவில்லை. நடு அறைக்கு வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். ஏறிப் படுத்துக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம்னு நினைவில்லே. மெத்தை முதுகைத் தாங்கறது தெரிஞ்சுது. தூங்கிட்டேன். கண்ணைத் திறந்தா அம்மா நிக்கறா."

பாட்டி திட்டவில்லையாம். ஒரு வார்த்தை பேசவில்லையாம். மறுநாள் காலையில் கட்டிலைக் கழற்றச் சொன்னாள்.

இதை அத்தை சொன்னபோது என் உடம்பு ஒரு தடவை சிலிர்த்தது. ஏனென்றால் அந்தக் கட்டிலைக் கழற்றியவர்களில் நானும் ஒருவன். அப்போது எனக்கு எட்டு வயது. எனக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மூட்டைப் பூச்சி என்று சொன்னார்கள். அந்தக் காலத்துக் கட்டிலில் ஆணி அடித்திருக்க மாட்டார்கள். காலில் துளை, சட்டத்தின் முனையில் நாக்கு, நாக்கு துளைக்குள் நுழைந்து வெளியே வந்ததும் அதில் ஒரு மர ஆப்பு. ஆப்பைத் தட்டி எடுத்தால் கட்டில் முழுவதும் கழன்றுவிடும். வெயிலில் போட்டு, மூட்டுகளில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றுவார்கள். மூட்டைப் பூச்சிக்குப் பயந்துதான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளில் மரக்கட்டிலை விட்டு இரும்புக் கட்டிலுக்கு மாறினார்கள். பர்மிங்ஹாம் நகரம் அதைச் செய்து விற்றே செழித்தது. எங்களுக்கோ கட்டில் கழற்றுவது ஒரு திருவிழா. ஆப்புகள் எட்டையும் என் சட்டைப் பைகளில் போட்டுக்கொண்டு ஜல் ஜல் என்று ஓடினேன். அத்தை கிணற்றடியிலிருந்து தண்ணீர் இறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கட்டில் மூன்று நாள் வெயிலில் கிடந்தது.

"மூட்டைப் பூச்சி எல்லாம் ஒண்ணும் இல்லே. நான் படுத்த தீட்டு" என்றாள் அத்தை. "அதுக்கப்புறம் நான் கட்டிலைத் தொட்டதில்லே. பாயைச் சுருட்டி வெச்சுட்டா யாருக்கும் தொந்தரவு இல்லே. இப்போ டாக்டர் சொல்றார், கட்டில்லே படுன்னு. சரி, படுக்கிறேன். ஆனா காலையிலே மடிச்சுச் சுவத்துக்குள்ளே தள்றதுக்கு நான் பாயிலேயே இருந்துடறேன்."

நான் என் சரித்திரத்தை அங்கேயே மூட்டை கட்டினேன்.

மறுநாள் தம்பியும் அவன் மகனும் நானும் பாகலூர் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கினோம். இப்படிக் கட்டில் பார்க்கப் போனால்தான் ஓசூர் எப்படிப்பட்ட ஊர் ஆகிவிட்டது என்பது தெரிகிறது. நான் பையனாக இருந்தபோது ஓசூர் என்றால் மாடு, குதிரை, ராஜாஜி பிறந்த தொரப்பள்ளிக்குப் போகிற வழி. 1970-களில் சிப்காட் வந்தது. 1980-இல் அசோக் லேலண்ட் லாரித் தொழிற்சாலை, அதே வருஷம் டி.வி.எஸ். மொபெட், அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே டைட்டன் கடிகாரம். எல்லைச் சாவடி இருக்கிற ஜூஜூவாடியிலிருந்து ஊர் வரைக்கும் ஆலை. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆயிற்று. 2019-இல் ஓசூர் மாநகராட்சியும் ஆகிவிட்டது. இப்போது ஜார்க்கண்டு, ஒடிஸா, அஸ்ஸாமிலிருந்து எல்லாம் பிள்ளைகளும் பெண்களும் வேலைக்கு வருகிறார்கள். அவர்கள் எல்லோரும் இரவில் எங்கேயாவது படுக்க வேண்டும் அல்லவா? கடைகளில் முன்வரிசையில் நின்றவை எல்லாம் மாடிக் கட்டில்கள்தான். கீழே ஒருவர், மேலே ஒருவர். அங்குலக் கணக்கில் இரும்புக் குழாய். விடுதி நடத்துகிறவர்கள் லாரி லாரியாக வாங்கிப் போகிறார்கள்.

ஒரு கடைக்காரர் தம் கட்டிலின் உறுதியைப் பற்றிச் சொல்லும்போது, "சார், இது ராத்திரி ஷிப்ட், பகல் ஷிப்ட் ரெண்டும் தாங்கும்" என்றார். எனக்கு விளங்கவில்லை. ஒரே கட்டிலை இருவர் வாடகைக்கு எடுத்துக்கொள்வதும் உண்டாம். ஒருவர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் மற்றவர் வந்து அதே இடத்தில் படுத்துக்கொள்வார். "சூடு ஆறவே ஆறாது" என்று கடைக்காரர் சிரித்தார். வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் தம்பி மகனைப் பார்த்தேன். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "எங்க லைன்லயே ரெண்டு பேர் அப்படித்தான் இருக்காங்க பெரியப்பா" என்றான். இப்னு பதூதாவிடம் அத்தை கேட்ட கேள்விக்கு அறுநூற்றுத் தொண்ணூறு வருஷம் கழித்து ஓசூரில் ஒரு மாதிரியான பதில் கிடைத்தது.

கட்டில் பொறுக்குவதில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உபயோகப்படும். கடையில் எல்லாக் கட்டிலும் அழகாகத்தான் இருக்கும். முதியவருக்கு என்றால் உயரம்தான் முக்கியம். மெத்தையோடு சேர்த்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிய வேண்டும், முழங்கால் மடிந்த இடம் இடுப்புக்கு மேலே போய்விடக் கூடாது. அத்தையின் நாற்காலியை அளந்துகொண்டு போயிருந்தேன், 18 அங்குலம். நாகரிகமான கட்டில்கள் பல அதைவிடத் தாழ்வு. அடியில் பெட்டி வைத்த கட்டிலில் மற்றொரு தொல்லை. எழுந்திருக்கும்போது குதிகாலைப் பின்னுக்குத் தள்ள இடம் வேண்டும், பெட்டி தடுக்கும். கீழே இடம் வெறுமையாக இருக்கிற கட்டில்தான் கிழவர்களுக்கு நல்லது. பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள ஒரு சட்டம் இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம் வீட்டு மாடிப்படி திரும்புகிற இடத்தை அளக்காமல் கட்டிலுக்குப் பணம் கட்டவே கூடாது.

ஆறடி நீளம், மூன்றடி அகலம், வேப்ப மரத்தின் நிறத்தில் ஒரு மரக்கட்டில். வாங்கினோம். கட்டிலாகக் கொடுக்கவில்லை, இரண்டு அட்டைப் பெட்டியாகக் கொடுத்தார்கள்.

மரச்சாமானைத் துண்டு துண்டாக விற்பதும் புதிய யோசனை அல்ல. வியன்னாவில் தோனெட் என்பவர் 1859-இல் ஒரு நாற்காலி செய்தார். ஆறே துண்டுகள், சில திருகாணிகள். ஒரு கன மீட்டர்ப் பெட்டிக்குள் 36 நாற்காலிகளை அடைத்து உலகம் முழுவதும் அனுப்பினார். 1956-இல் ஸ்வீடனில் லுண்ட்கிரென் என்ற ஊழியர் ஒரு மேஜையைக் காரில் ஏற்ற முடியாமல் அதன் கால்களைக் கழற்றி வைத்தார். ஐக்கியா கம்பெனியின் பெரிய வியாபாரத்துக்கு அது வித்து என்று சொல்கிறார்கள். அந்தக் கம்பெனி 2022-இல் பெங்களூரில் கடை திறந்துவிட்டது. எங்கள் கிருஷ்ணகிரித் தச்சரைக் கேட்டிருந்தால், கழற்றி மாட்டுகிற கட்டிலை என் பாட்டனுக்குப் பாட்டனே செய்தான் என்று சொல்லியிருப்பார். வித்தியாசம் என்னவென்றால் அவர் ஆப்புக்கு எங்கும் தேட வேண்டியதில்லை. எங்களுக்குக் கொடுத்த பொட்டலத்தில் போல்ட்டும் வாஷரும் மரக் குச்சியும் ஓர் எல்-கீயும் இருந்தன. படம் போட்ட ஒரு தாள் இருந்தது. அதில் எழுத்தே கிடையாது. சிரித்த முகத்தோடு ஒரு பொம்மை மனிதன் மட்டும் இருந்தான்.

அந்தப் பொம்மை மனிதன் சிரித்ததை நம்பி முதல் மூலையை நான் முழு பலத்தோடு முடுக்கிவிட்டேன். இரண்டாவது மூலையில் போல்ட் துளையில் சேரவே இல்லை. தம்பி ஒரு சுத்தியலைக் கொண்டு வந்தான். நல்ல வேளையாக எதிர் வீட்டுக் கட்டட வேலையில் இருந்த தச்சு ஆசாரி ஒருவர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகப் பேசுகிறவர். "ஐயா, மஞ்சத்தை அடிக்காதீங்க" என்று உள்ளே வந்தார். நான்கு மூலையிலும் போல்ட்டைப் பாதி மட்டும் முடுக்க வேண்டும், எல்லாம் உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும் என்றார். பிறகு தம் இடுப்பிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தார். கட்டிலின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் பிடித்து அளந்தார். அதே கயிற்றை மற்ற இரு மூலைக்கும் பிடித்தார். இரண்டு விரற்கடை குறைந்தது. கையால் ஒரு தள்ளுத் தள்ளினார். மறுபடி அளந்தார். சரியாக இருந்தது. "இப்போ இறுக்குங்க. கோணல் மஞ்சம் கத்தும்" என்றார்.

அத்தை நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் கட்டிலை எங்கே போடுவது என்று அப்புறம் தான் யோசனை வந்தது. சோபாவை வாசல் பக்கம் தள்ளி, தொலைக்காட்சியை மூலைக்கு மாற்றி, ஜன்னல் ஓரமாகப் போட்டோம். கூடத்தில் பாதி போயிற்று. வருகிறவர்கள் கட்டிலில்தான் உட்கார வேண்டும். தம்பி மனைவி முதலில் கொஞ்சம் முகம் சுளித்தாள் என்பதையும் எழுதிவிடுகிறேன். பிறகு அவளே உள்ளே போய், தன் கல்யாணத்துக்குச் சீராக வந்த இலவம் பஞ்சு மெத்தையை எடுத்து வந்து போட்டாள்.

அன்று இரவு நான் என் இரவல் மடக்குக் கட்டிலை விரிக்கிற சத்தம் அடங்கிய பிறகு காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். அத்தை கட்டிலின் விளிம்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கையால் மெத்தையைத் தடவுவது தெரிந்தது. பிறகு விளக்கை அணைத்துவிட்டாள். கட்டில் கத்தவில்லை.

காலையில் நான் கண் விழித்தபோது மணி ஏழு. அத்தை இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் காலடியில் ஏறி உட்கார்ந்து எதையோ வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. பதறிப் போய்ப் பிடுங்கிப் பார்த்தேன். போல்ட். கட்டிலுக்கு அடியில் தேடியதில் இன்னும் இரண்டு கிடைத்தன. எந்த இடத்தில் மாட்ட வேண்டியவை என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். உபரியாகக் கொடுத்திருப்பார்கள் என்கிறான் தம்பி மகன். ஆசாரி ஊருக்குப் போய்விட்டார். மூன்றையும் ஒரு தீப்பெட்டிக்குள் போட்டுப் பீரோவின் மேல், பாய் இருந்த இடத்தில், வைத்திருக்கிறோம்.